முதல் பருவத்துக்கு முன் இரண்டு மாதம்: மொரிஷியஸில் ஒரு வாய்ப்பாட்டு விரிவுரையாளரின் தயாரிப்பு

இந்த ஆய்வுக்கு உரியவர் ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்த ஒரு பாடகி. முப்பது வயது ஆகவில்லை. ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் மன்றம்) உதவித்தொகையில் சென்னைக்குப் போய்க் கர்நாடக இசையில் பட்டமும் முதுகலையும் முடித்துவிட்டு ஊர் திரும்பினார். கோயில் கச்சேரி, வீட்டு வகுப்பு என்று சில ஆண்டுகள் போயின. பிறகு இங்குள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் வாய்ப்பாட்டு விரிவுரையாளராகத் தேர்வானார். நியமனக் கடிதம் வந்தது ஜூன் தொடக்கத்தில். பணியில் சேர வேண்டியது ஆகஸ்டில். இடையில் கிடைத்த இரண்டு மாதத்தில் அவர் என்னென்ன செய்தார், அதில் எது வகுப்பறையில் பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

நான் இந்தத் தீவில் நெடுங்காலம் பாட்டு கற்பித்து ஓய்வு பெற்றவள். சிறுமியாக இருந்தபோது அவர் என்னிடம்தான் சரளி வரிசை என்னும் முதல் பாடத்தைத் தொடங்கினார். அந்த உரிமையில்தான் கடிதம் வந்த வாரமே கோப்பும் கையுமாக வீட்டுக்கு வந்தார்.

எங்கள் ஊர்ச் சூழலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொரிஷியஸில் கர்நாடக இசையைப் பட்டம் வரை படிக்கலாம். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் 1970இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்டது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை அங்கே இந்துஸ்தானி இசையோடும் கதக்கோடும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. கர்நாடக இசை படிக்க வருகிறவர்கள் எல்லோரும் தமிழர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் வருவார்கள், போஜ்பூரி பேசிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் வருவார்கள், எப்போதாவது தேவாலயப் பாடகர் குழுவிலிருந்தும் ஒருவர் வருவார். வீட்டில் எல்லோருக்கும் கிரியோல். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழை ஆரம்பப் பள்ளியில் விருப்பப் பாடமாகப் படித்திருப்பார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள், பேச வராது. சென்னையில் இசைக் கல்லூரிக்குள் நுழைகிற மாணவர், பாடத் தெரியாவிட்டாலும் பல வருடம் கேட்டிருப்பார். இங்கே வருகிற மாணவரும் பல வருடம் கேட்டவர்தான். ஆனால் அவர் கேட்டது வேறு.

அந்தக் கோப்பு

பதினைந்து வாரத்துக்கும் திட்டம் எழுதியிருந்தார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று முறை பிசகாமல் இருந்தது. வாரத்துக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று கோடு போட்ட அட்டவணை. சென்னையில் தனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அதே வரிசை, அதே வேகம். இரண்டு மாதத்திலும் தினமும் மூன்று மணி நேரம் சாதகம் செய்து குரலைத் தேற்றிக்கொள்வதும் திட்டத்தில் இருந்தது. புதிதாகச் சில கிருதிகள் பாடம் செய்வதாகவும் எழுதியிருந்தார்.

உழைத்துச் செய்த கோப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எல்லாப் பக்கத்தையும் புரட்டிய பிறகு ஒன்றைக் கேட்டேன். "இதுல பாடப்போற பிள்ளைங்க எங்கேம்மா?"

"அவங்களை முதல் நாள் பார்த்துக்கலாம், டீச்சர்," என்றார்.

கல்லூரியில் பாட்டு கற்பிக்கப் போகிற பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். தன் வித்தையைக் கூர்தீட்டிக்கொண்டால் தயாராகிவிட்டோம் என்ற நம்பிக்கை. வீட்டு வகுப்புக்கு அது போதும். அங்கே ஒரு பிள்ளை எதிரில் உட்காரும்; அதன் சுருதிக்கு நாம் இறங்குவோம், ஏறுவோம். கல்லூரியில் ஒரே அறையில் பத்துப் பதினைந்து குரல். பாடத்திட்டம் நம்முடையது அன்று, தேர்வு நம்முடையது அன்று, மணி அடித்தால் எழுந்துபோக வேண்டும். அங்கே நம் கையில் இருப்பது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர்களின் காதும் குரலும் ஏற்கெனவே எங்கே நிற்கின்றன என்ற அறிவு. அது முதல் நாள் காலையில் கிடைக்காது.

நுழைவுத் தேர்வில் மாணவர்கள் பாடியதை நிறுவனத்தில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்க அனுமதி கேட்டு எழுதச் சொன்னேன். வேலைக்குச் சேரும் முன்பே இப்படிக் கேட்பது சரியா என்று அவருக்குத் தயக்கம். கேட்டார், கொடுத்தார்கள். பதிவுகள் ஒரு பென் டிரைவில் வந்தன. தயாரிப்பு அந்த நாளில்தான் தொடங்கியது என்பேன்.

சுருதி

முதலாண்டில் சேரவிருந்தவர்களில் ஆண்கள் ஐந்து பேர், மற்றவர்கள் பெண்கள். பதிவுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் எந்தக் கட்டை (பாடும் சுருதியின் அளவு) என்று குறித்தோம். பெண்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஐந்தரை. ஆண்கள் ஒன்று, ஒன்றரை. எதிர்பார்த்ததுதான். ஆனால் இந்த எண்கள் தாளில் வந்து உட்கார்ந்ததும், கோப்பில் இருந்த அட்டவணை முழுவதும் ஆட்டம் கண்டது. அதில் எல்லோரும் ஒன்றாகப் பாடுவதாகத்தான் இருந்தது.

ஐந்து கட்டையில் வைத்தால் ஆண்கள் ஒரு ஸ்தாயி (ஏழு ஸ்வரச் சுற்று) கீழே போய் முனக வேண்டும், அல்லது மேலே போய்க் கத்த வேண்டும். இளம் பையன்கள் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்வார்கள். பக்கத்தில் பெண்கள் அமர்ந்திருக்கும்போது கீழே முனக எந்தப் பையனும் சம்மதிக்க மாட்டான். ஒன்றரை மாதத்தில் தொண்டை கட்டிவிடும். ஒரு கட்டையில் வைத்தால் பெண்களுக்கு மத்திய ஸ்தாயி வரை தாங்கும், தார ஸ்தாயிக்குப் போனால் கீச்சிடும். இரண்டுக்கும் நடுவே மூன்று கட்டை என்று சமரசம் செய்கிறவர்கள் உண்டு. அது இரு பக்கத்துக்கும் பொருந்தாத சட்டை. ஆறு மாதம் அப்படிப் பாடிய பிள்ளைக்குத் தன் சொந்த சுருதி எது என்பதே மறந்துபோகும்.

ஆகவே வகுப்பைப் பிரிக்க வேண்டும். அலுவலகத்தில் கேட்டார். கூடுதல் அறை இல்லை, கூடுதல் மணி நேரமும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று இருந்தது. அதைத் தமக்குள்ளேயே பாதியாக்கினார். முதல் பாதியில் பெண்கள் வரிசை பாடும்போது ஆண்கள் வெளித் தாழ்வாரத்தில் தாளம் போட்டுக்கொண்டே ஸ்வரம் எழுதுவார்கள். அடுத்த பாதியில் இடம் மாறுவார்கள். கடைசி இருபது நிமிடம் எல்லோரும் உள்ளே. தாழ்வாரத்துக்கு என்ன வேலை கொடுப்பது என்பதை ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாக எழுத வேண்டியிருந்தது. ஜூலையில் பாதி அதற்கே போனது. சும்மா உட்கார வைத்தால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அந்த இருபது நிமிடத்துக்கு அவர் கண்டுபிடித்த ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கட்டைக்குத் தம்புரா சேர்த்தால் அதில் ச என்னும் சட்ஜமும் ப என்னும் பஞ்சமமும் ஒலிக்கும். அந்தப் பஞ்சமம்தான் ஐந்து கட்டை. பெண்கள் அதையே தங்கள் சட்ஜமாக எடுத்துக்கொண்டால், தம்புராவின் சட்ஜம் அவர்களுக்கு ம என்னும் மத்திமம் ஆகிவிடும். மத்திம சுருதியில் பாடுகிற மாதிரி. தம்புராவைத் தொட வேண்டியதே இல்லை. ஆண்கள் ஓர் ஆவர்த்தனம் (தாளச் சுற்று), பெண்கள் ஓர் ஆவர்த்தனம் என்று மாற்றி மாற்றிப் பாடலாம். ஆதாரம் எங்கே நிற்கிறது என்பதைக் காது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டும், பயிற்சியே அதுதான். கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது முதல் சில வாரம் பெண்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஆண்களின் சட்ஜத்துக்கு வழுக்கிப் போனார்கள், தம்புராவில் அதுதான் ஓங்கி ஒலிக்கிறது என்பதால். ஒரே ஒரு பெண் மட்டும் அசையாமல் நின்றார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு சிக்கலை நாங்கள் ஜூலையிலேயே எதிர்பார்த்தோம். பெண் ஆசிரியர் ஆண்களுக்கு ஒரு கட்டையில் பாடிக் காட்டினால் அவர் குரல் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். பையன்கள் அதையே பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பார்கள். பதிவுகளில் ஒரு பையனின் குரல் தனியாகத் தெரிந்தது. கோயிலில் வெள்ளிக்கிழமை தேவாரம் பாடிப் பழகிய, நல்ல கனமான குரல். அவரை முன்னத்தி ஏராக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அவர் பாடிக் காட்டுவார், மற்ற நால்வரும் தொடர்வார்கள், ஆசிரியர் நிறுத்தித் திருத்துவார். அதற்காக முதல் வாரத்திலேயே அந்தப் பையனைத் தனியாக அழைத்து நான்கு சரளி வரிசையைச் சுத்தமாக்கிக் கொடுத்தார்.

ரிஷபம்

பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஆரம்பப் பாடங்களுக்கான ராகமாகிய மாயாமாளவகௌளையில் ஸ்வரம் பாடச் சொன்ன இடத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டாம் ஸ்வரமான ரிஷபம் மேலே போயிற்று. சுத்த ரிஷபம் வரவேண்டிய இடத்தில் அதைவிட உயர்ந்த சதுச்ருதி ரிஷபத்தின் சாயல். கீபோர்டிலும் தேவாலயப் பாட்டிலும் சினிமாப் பாட்டிலும் பழகிய காதுக்கு ஏழு ஸ்வரம் என்றாலே சங்கராபரணம், அதாவது மேற்கத்திய மேஜர் ஸ்வர வரிசைதான். சட்ஜத்தை ஒட்டி இத்தனை நெருக்கத்தில் ஒரு ஸ்வரம் இருக்கும் என்று அது எதிர்பார்ப்பதில்லை.

மாயாமாளவகௌளையில் தொடங்குவது என்று புரந்தரதாசர் காலம் தொட்டு வருவதாக நாம் போற்றும் வழக்கத்தை மாற்றிச் சங்கராபரணத்தில் தொடங்கலாமா என்று அவர் கேட்டார். அப்படித் தொடங்குகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் கருத்து வேறு. காது எதை அறியாதோ அதை முதலாண்டிலேயே தர வேண்டும். மூன்றாம் ஆண்டில் தந்தால் ஏறாது. மாயாமாளவகௌளையில் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சு. ச-ரி-க-ம போன வழியில்தான் ப-த-நி-ச போகும். ரிஷபத்தைப் பிடித்தவருக்குத் தைவதம் தானே வந்துவிடும்.

எப்படிப் பிடிப்பது என்பதில்தான் வேலை. ஏறுமுகத்தில் தொடங்காமல் இறங்குமுகத்தில் தொடங்குவது என்று வைத்துக்கொண்டார். ம-க-ரி-ச. காந்தாரத்தில் நன்றாக நின்று, அங்கிருந்து ரிஷபத்துக்கு இறங்கி, சட்ஜத்தில் அமர்வது. மேலிருந்து வரும்போது அந்த ஸ்வரம் தானாகவே தாழ்ந்து, தன் இடத்தில் உட்காரும். ஏறும்போது மட்டும்தான் அது துள்ளுகிறது. இரண்டு வாரம் இறங்குமுகம் மட்டும். பிறகுதான் முதல் சரளி வரிசை.

இத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது. இந்தளப் பண் தேவாரங்களை ஓதுவார்கள் இன்று மாயாமாளவகௌளையில்தான் பாடுகிறார்கள். இரண்டாம் திருமுறையின் தொடக்கப் பதிகங்கள் அந்தப் பண்ணில்தான் அமைந்தவை. கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஒலியைக் கேட்டிருப்பார்கள். அது இந்த ராகம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்துஸ்தானி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதே ஸ்வரங்கள் பைரவ் ராகத்தில் பழக்கம். இந்த இரண்டு வாசலையும் திறந்து வைத்துவிட்டு வரிசைக்குப் போனார். பலன் தெரிந்தது: ஐந்தாம் வாரம் அவர் எடுத்த பதிவை நானும் கேட்டேன். மூன்று பேரைத் தவிர மற்றவர்களுக்கு ரிஷபம் தன் இடத்தில் நின்றது.

இனி அந்தப் பெண். பல ஆண்டு தேவாலயக் குழுவில் பாடியவர். எந்த ஸ்வரத்தில் நிறுத்தினாலும் கம்பி இழுத்த மாதிரி நேராக நிற்பார். தம்புராவின் சட்ஜம் எத்தனை ஓங்கி ஒலித்தாலும் தன் சட்ஜத்தை விடாதவர் அவர்தான். ஆனால் கமகம் என்று வந்தால் அவருக்கு உடம்பே கூசியது. குழுவில் ஸ்வரத்தை அசைப்பது குற்றம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவரை முதல் மாதத்திலேயே அசைக்கச் சொல்லி வதைத்தால் கையிலிருக்கும் செல்வத்தையும் இழப்போம். அவரைப் பெண்கள் வரிசையின் நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் அவர் குரலைப் பிடித்து நிற்கும்படி செய்தார். கமகத்தை இரண்டாம் பருவத்தில் வர்ணம் என்னும் உருப்படி தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார். ஓர் ஆசிரியர் எதைத் தள்ளிவைக்கிறார் என்பதில் அவருடைய தேர்ச்சி தெரியும். இந்த முடிவைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

ரவான் அடிக்கிற கை

தாளத்தில் கோப்பில் இருந்தது ஆதி தாளம், பிறகு ஏழு அலங்காரம். நான் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய்வரச் சொன்னேன். சேகா கேட்பதற்காக.

சேகா எங்கள் தீவின் பாட்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மலகாசி (மடகாஸ்கர்) மக்களின் பிள்ளைகள் கொடுத்தது. 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆட்டுத்தோல் போர்த்த அகன்ற ரவான், குலுக்குகிற மரவான், முக்கோணக் கம்பி. தோல் இறங்கிவிட்டால் பக்கத்தில் நெருப்பு மூட்டி ரவானைக் காய்ச்சுவார்கள். அதன் நடை ஆறு. கை அதை மூன்று மூன்றாகவும் கேட்கும், இரண்டு இரண்டாகவும் கேட்கும். பாட்டு இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே போகும். இந்தத் தீவில் பிறந்த எந்தப் பிள்ளையும், தமிழரோ வேறு யாரோ, இந்த நடையைக் கல்யாண வீட்டிலும் கடற்கரையிலும் உடம்பில் வாங்கிக்கொண்டுதான் வளர்கிறது.

நமக்கு அது மூன்று மூன்றாகப் போகும் திசிர நடை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு வழியாகவும் வந்திருக்கிறது. தைப்பூசக் காவடி எங்கள் நாட்டில் பொது விடுமுறை நாள். மலைக்கோயிலிலும் கைலாசக் கோயிலிலும் காவடி போகும்போது பாடுகிற காவடிச்சிந்துகளில் பல அதே திசிரத்தில் துள்ளுபவை. ஆக, பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்குத் திசிரம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊறிக் கிடக்கிறது. நாமோ அவரை உட்கார வைத்துச் சதுச்ரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணச் சொல்கிறோம்.

அவர் வரிசையை மாற்றினார். முதல் தாள வகுப்புக்கு ரவான் வாசிக்கிற மாணவர் ஒருவரிடம் சொல்லி அவருடைய ரவானைக் கொண்டுவரச் செய்தார். அவர் சேகா அடிக்க, மற்றவர்கள் அதன் மேல் தகிட தகிட சொன்னார்கள். பிறகு அதே தகிடவைக் கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு சொல்ல வைத்தார். எட்டு அட்சரம், ஒவ்வொன்றிலும் மூன்று. வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றே வந்துவிட்டது. சதுச்ரம் அடுத்த வகுப்பில். அந்த நாளில் ரவான் பையன் கேட்ட கேள்வியை அவர் குறித்து வைத்திருக்கிறார்: சேகாவில் கை இரண்டாகவும் மூன்றாகவும் மாறுகிறதே, கர்நாடக இசையில் அப்படி உண்டா என்று. ரூபக தாளத்தின் ஆறை எப்படியெல்லாம் பிரித்து மிருதங்கத்தில் வாசிக்கலாம் என்று மிருதங்க ஆசிரியர் அவருக்கு அரைமணி நேரம் காட்டினாராம். முதலாண்டு மாணவரிடமிருந்து இந்தக் கேள்வி வருவது சாதாரண விஷயமில்லை.

கண்ட நடை வந்தபோதுதான் எல்லோரும் திணறினார்கள். ஐந்து என்பது இந்தத் தீவில் எளிதில் காதில் விழுவதில்லை. அதற்குக் குறுக்குவழி எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. தகதகிட சொல்லிச் சொல்லித்தான் ஏற்ற வேண்டும்.

எழுத்தும் மொழியும்

ஸ்வரங்களை எல்லோரும் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். மொழி வளரும் என்ற நல்ல எண்ணம். இது நிலைக்கவில்லை. தமிழ் அறியாதவர்கள் மேசைக்கடியில் ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக. மூன்றாம் வாரத்தில் அவர் விட்டுக்கொடுத்தார். எந்த எழுத்தானாலும் சரி, ஸ்தாயிப் புள்ளியும் எந்த ரிஷபம், எந்தக் காந்தாரம் என்று காட்டும் எண்ணும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வகுத்தார்.

சாகித்யத்தில் (பாடல் வரிகளில்) இதைவிட நன்றாக நடந்தது. தெலுங்கு கீர்த்தனை எடுத்தால் தெலுங்குக் குடும்பத்துப் பெண் சொல்லைப் பிரித்துச் சொல்வார். தேவாரம் எடுத்தால் கோயில் பையன். யார் எதில் வல்லவர் என்று முன்பே தெரிந்திருந்ததால் முதல் கீதத்திலிருந்தே இது நடந்தது.

மதிப்பெண்

குருகுலத்தில் மதிப்பெண் கிடையாது. ஆசிரியர் முகம்தான் மதிப்பெண். கல்லூரியில் எதற்கு எத்தனை என்று பருவம் தொடங்கும் முன்பே எழுதித் தர வேண்டும், வெளித் தேர்வாளர் அதைப் பார்ப்பார், மாணவர் கேள்வி கேட்பார். அவர் எழுதியிருந்த பிரிப்பு: சுருதி, தாளம், பாடாந்தரம் (கற்ற பாடம் பிசகாமை), சொல் தெளிவு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு). மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை.

அந்த நுழைவுத் தேர்வுப் பதிவுகளை வைத்தே சோதித்துப் பார்த்தோம். இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட்டோம். சுருதியிலும் தாளத்திலும் எங்கள் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. பாடாந்தரத்தில் கொஞ்சம் விலகின. பாவத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கோயில் பையனுக்கு அவர் அள்ளிக் கொடுத்திருந்தார். நான் கையை இறுக்கியிருந்தேன். தேவாலயப் பெண்ணுக்கு நேர்மாறு. ஒரே பள்ளியில் வந்த குருவும் சிஷ்யையும் இத்தனை விலகினால், அறிமுகமில்லாத இரண்டு தேர்வாளர்கள் என்ன செய்வார்கள்?

பாவம் வேண்டாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பாட்டில் அதுதான் உயிர். ஆனால் முதலாண்டில் அதைப் பெயர் சொல்லி மதிப்பிட முடியாது. காதால் சுட்டிக்காட்டக் கூடிய மூன்றாக அதை உடைத்தார்: சொல்லை எங்கே பிரிக்கிறார், மூச்சை எங்கே எடுக்கிறார், தொடங்கிய காலப்பிரமாணம் (வேகம்) கடைசி வரை நிற்கிறதா. ஒரு சொல்லின் நடுவில் மூச்சு எடுத்தால் எல்லோருக்கும் கேட்கும்; அதில் வாதம் இல்லை. மறுபடி மதிப்பெண் போட்டோம். இம்முறை எங்கள் எண்கள் நெருங்கி வந்தன. இந்த ஒரு வேலைக்கு ஜூலைக் கடைசி வாரம் முழுக்கப் போனது. அதே நேரத்தில் ஒரு கிருதி பாடம் செய்திருக்கலாம்தான். எதை விட்டு எதைச் செய்தார் என்று பார்த்தால், இரண்டு மாதத்தில் அவர் செய்தவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

குரல், மழை, தோல்

வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தினமும் மூன்று மணி நேர சாதகத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து, அதையும் காலையில் மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்தாயியில்) மெதுவாகச் செய்யச் சொன்னேன். வகுப்பில் முழுக்குரலில் பாடுவது எடுத்துக்காட்டுக்கு ஒரு முறை மட்டும். மீதிக்கு மாணவர்கள் பாட வேண்டும். புது ஆசிரியர்கள் முதல் பருவத்திலேயே குரலைப் போக்கிக்கொள்வதை நிறையப் பார்த்தாயிற்று.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் அதிகம். எச்சரிக்கை வந்தால் வகுப்பு நின்றுவிடும். அந்த நாட்களுக்காக ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியாகப் பயிற்சிப் பதிவு செய்து வைத்தார். ஆண்களுக்கான பதிவைக் கோயில் பையனே பாடினார். அந்த மாதங்களில் ஈரக் காற்று பட்டால் மிருதங்கத் தோல் தொய்ந்துவிடும், தொப்பி என்னும் இடப்பக்கத் தோலில் எத்தனை ரவை ஒட்டினாலும் சுருதி அலையும். பாட்டு வகுப்புக்கு மிருதங்கம் எந்த நாளில் வேண்டும் என்று அந்த ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்.

காவடி விரதம் பத்து நாள். அந்த நாட்களில் கோயில் பிள்ளைகள் இரவெல்லாம் பாடிவிட்டுக் கம்மிய குரலோடு வருவார்கள். இரண்டாம் பருவத் திட்டத்தில் அந்தப் பத்து நாளுக்குக் குரல் பயிற்சி வைக்கவில்லை. கேட்டல், எழுத்து, தாளம் மட்டும்.

பருவம் முடிந்தபோது

பாடத்திட்டத்தில் சொன்ன அளவு முடியவில்லை. தாட்டு வரிசை முழுவதும் விட்டுப்போயிற்று, கீதங்களிலும் ஒன்று குறைந்தது. இறங்குமுகத்துக்குக் கொடுத்த இரண்டு வாரமும், வகுப்பைப் பாதியாகப் பிரித்ததும் அதற்குக் காரணம். துறையில் விளக்கம் கேட்டார்கள். நுழைவுத் தேர்வுப் பதிவையும் பருவக் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் விடுபட்டதை இரண்டாம் பருவத்தில் ஈடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது முடிந்தது. அந்த நிபந்தனை நியாயமானதே. வரிசைகளில் ஸ்வரத்தைத் தாண்டிப் பாடுகிற பழக்கம் வராமல் வர்ணத்துக்குப் போனால் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள்.

ரிஷபம் நிலைக்காத மூவரில் இருவருக்கு இரண்டாம் பருவத்தின் முதல் மாதத்தில் சரியாயிற்று. ஒருவருக்கு இன்னும் இல்லை. அவரைத் தனியாக அழைத்து, வாயால் பாடச் சொல்லாமல், தம்புராவோடு ரிஷபம் ஒலிக்கும்போது கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். சரியாகத் தூக்குகிறார். ஆக, காதில் இருக்கிறது, தொண்டைக்கு இறங்கவில்லை. அடுத்து என்ன என்பதை இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். சீசாவில் தண்ணீர் வைத்து ஊதுவது போன்ற மூச்சுப் பயிற்சியை ஒரு குரல் பயிற்சியாளரிடம் கேட்டு வந்திருக்கிறார்.

தேவாலயப் பெண் மோகன வர்ணத்தில் காந்தாரத்தை முதல் முறையாக அசைத்துப் பாடினார். மிக லேசான அசைவு. அதற்கு மேல் இப்போதைக்குக் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் இவர்களுக்குக் கல்பனாஸ்வரம், அதாவது அந்த நேரத்தில் கற்பனை செய்து பாடும் ஸ்வரம் வருகிறது. இந்த மனோதர்மத்துக்கு மதிப்பெண் எப்படிப் பிரிப்பது என்பதை அவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை. எடுப்பில் (பாடல் வரி தொடங்கும் இடத்தில்) சரியாக வந்து சேர்வது, ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைத் தொடாமல் இருப்பது, மனப்பாடம் செய்ததைத் திருப்பிச் சொல்லாமல் இருப்பது என்ற மூன்று தலைப்பு மட்டும் தாளில் இருக்கிறது. மூன்றாவதை எந்தத் தேர்வாளரால் கண்டுபிடிக்க முடியும் என்று நான் கேட்டிருக்கிறேன். வெளித் தேர்வாளருக்கு மே மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். ஏப்ரலில் புதிய பதிவுகளை வைத்துக்கொண்டு மறுபடி தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவதாக ஏற்பாடு.